பாலத்துக்கு இந்தப் பக்கம்

அவளுக்குச் சம்பளம் கொடுப்பது சுவரில் முட்டுவதற்கு. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கன்ட்ரோலரைக் கையில் எடுத்து, திரையில் தெரியும் வீரனைக் கோட்டைச் சுவருக்கு ஓட்டிப்போய் முட்ட வைப்பாள். அவன் முட்டி நின்றால் சுவர் சரி. சுவருக்குள் புகுந்து மறுபக்கம் விழுந்தால் கோளாறு. எந்தக் கல்லுக்குப் பக்கத்தில், எந்த ஆள், என்ன உடுப்பில் என்று எழுதி அனுப்ப வேண்டும். பிறகு அடுத்த கல். நாளுக்கு நானூறு, ஐந்நூறு முட்டல் ஆகும். பதினோரு வருடமாக இதே வேலை. கூட வேலை பார்க்கிற இளவட்டங்கள் அவளைச் ‘சுவரக்கா’ என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணவன் கேட்பான், “விளையாடிட்டு வர்றதுக்கா இவ்வளவு அலுப்பு?” அவன் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு மல்லுக்கட்டுகிறவன். ஒரு விடுமுறை நாளில் அவள் கன்ட்ரோலரை அவன் கையில் திணித்து, ஒரே கதவை இருநூறு தடவை திறந்து மூடச் சொன்னாள். எழுபதாவது தடவையில் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

கட்டைவிரல் வீங்கி டாக்டரிடம் போனபோதும் இதே கதைதான்.

“என்ன வேலைம்மா பண்றீங்க?”

“வீடியோ கேம் விளையாடுறேன் டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

பதினோரு வருடமும் அவள் முட்டியது ஒரே தொடரின் சுவர்களில். ‘ஒன்பது கோட்டை’ என்று பெயர். ராட்சதப் பறவைகளும் மந்திரக் கற்களும் நிறைந்த ஒரு தேசம். அதில் விளையாடுகிறவர் ஒரு படையைச் சேர்த்துக்கொண்டு கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். நான்கு பாகம் வெளிவந்து, உலகத்தில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டது. கதை எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள் எல்லாரும் எங்கேயோ தூரத்துத் தலைமை அலுவலகத்தில் இருந்தார்கள். இங்கே, ஒரு மூன்றாவது மாடியில், ஜன்னல் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டிய அறையில் பதினான்கு டெஸ்டர்கள் இருந்தார்கள்.

வெளியே விளையாடுகிறவர்களுக்குப் பிடித்த பாத்திரம் வேறு, டெஸ்டர்களுக்குப் பிடித்த பாத்திரம் வேறு. தீவாள் இளவரசனுக்காக ஊரே உயிரைவிடும். அறைக்குள் அவன் பேரைச் சொன்னால் பல்லைக் கடிப்பார்கள். அவன் தோளில் தொங்குகிற சிவப்பு மேலங்கி எந்தச் சுவரைக் கண்டாலும் உள்ளே புகுந்துவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரு புகார் எழுத வேண்டும். பனிக்கிழவி மந்திரம் போட்டால் பாதி நேரம் கேமே உறைந்துபோகும். சுவரக்காவுக்குப் பிடித்தவன் சுமையன். நான்கு பாகத்திலும் கழுதையை ஓட்டிக்கொண்டு படைக்குப் பின்னால் வருகிறவன், படை கொள்ளையடித்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு, “இதையுமா? சரி, வை” என்பான். மொத்தம் ஒன்பது வசனம். சண்டை வந்தால் ஒதுங்கி நிற்பான். பதினோரு வருடத்தில் அவனிடம் அவள் கண்டுபிடித்த கோளாறு இரண்டே இரண்டு, இரண்டும் கழுதையுடையது.

வீட்டில் பிடித்த பாத்திரம் நிழலி.

மகளுக்குப் பதினாலு வயது. நிழலி என்றால் அவளுக்கு உயிர். சாம்பல் நிற அங்கி, இடுப்பில் மூன்று பெல்ட், யார் கண்ணிலும் படாமல் கோட்டைக்குள் நுழைந்து கதவைத் திறந்துவிடுகிறவள். முதல் பாகத்தில் திருடியாக வந்து, நாலாவது பாகத்துக்குள் படையின் பாதிப் பேர் உயிரைக் காப்பாற்றியவள். ஆனாலும் யாரும் நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மகளின் அலமாரிக் கதவில் நிழலி, நோட்டு அட்டையில் நிழலி. வகுப்பில் ஒரு தோழி பனிக்கிழவிதான் பெரியவள் என்று சொன்னதற்கு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ஐந்தாம் பாகத்தின் வேலை ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு திங்கள்கிழமை டீம் லீடர் சுவரக்காவின் மேசைக்கு வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். எப்போதும் தூக்கக் கண்ணோடு இருப்பவர்.

“அக்கா, பதினேழாவது கட்டம் உங்களுக்கு. பாலம். கொஞ்சம் நீளமான வேலை.”

அவள் திறந்து பார்த்தாள். மலை இடுக்கில் ஒரு கயிற்றுப் பாலம். பின்னால் எதிரிப் படை துரத்திக்கொண்டு வருகிறது. நம் படை பாலத்தைக் கடக்கிறது. கடைசியாக வந்த நிழலி நடுப் பாலத்தில் நின்று, திரும்பி, எதிரிகள் பாதி தூரம் ஏறும்வரை காத்திருந்து, கயிற்றை அறுக்கிறாள். அவளும் விழுகிறாள். இரண்டு நிமிடம் பத்து விநாடி. விளையாடுகிறவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது மாறாது.

அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்தாள். நிழலிக்கு ஆறு உடுப்பு. கையில் நாலு ஆயுதத்தில் ஏதாவது ஒன்று இருக்கலாம். மழை பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம். முன்னால் ஓடுகிற தோழர்கள் மாறலாம். எல்லாவற்றையும் பெருக்கி, ஒன்றோடொன்று சேராததைக் கழித்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு விதம். ஒவ்வொரு விதத்திலும் நிழலி ஒழுங்காகச் சாகிறாளா என்று பார்க்க வேண்டும்.

அன்று மாலை வரைக்கும் பதினெட்டு தடவை பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் மகள் கூடத்தில் பழைய ஜன்னல் திரையை விரித்துப்போட்டு, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நிழலி அங்கி. கேம் வர்றதுக்கு முன்னாடி ரசிகர்கள் கூட்டம் ஒண்ணு இருக்கு, எல்லாரும் வேஷம் போட்டுட்டு வருவாங்க. நீ ஓரம் மட்டும் அடிச்சுக் குடு.”

“அதுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கே.”

“இப்பவே ஆரம்பிச்சாத்தான் சரியா வரும்.”

சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்; உள்ளே பார்த்ததைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. காலையில் வாசலிலேயே போனை வாங்கிச் சின்னப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். மூன்றாம் பாகத்தின்போது ஒருத்தன் தன் நண்பனிடம் ஒரே ஒரு வரி உளறினான். காலையில் விஷயம் தெரிந்தது, மதியத்துக்குள் அவன் நாற்காலி காலி. மகளுக்கோ ஓட்டை வாய். நிழலி விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் அவள் வாயைக் கட்டிக்கொண்டாள்.

அறைக்குள் மட்டும் ஒரே ஒரு தடவை கட்டு அவிழ்ந்தது. நூற்று நாற்பதாவது சாவோ என்னவோ. புகார்ப் படிவத்தைத் திறந்து, ‘கோளாறின் விவரம்’ என்ற இடத்தில், ‘இவள் சாக வேண்டியதில்லை. பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் நின்றே கயிற்றை அறுக்கலாம். கத்தி எட்டும். அளந்து பார்த்தேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: ‘திட்டப்படியே உள்ளது. முடிக்கப்பட்டது.’

டீம் லீடர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “அக்கா, இது கோளாறு இல்லயே.”

“தெரியும்.”

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ரசிகர்கள்கிட்ட ஓட்டு எடுத்தாங்களே, யார ரொம்பப் பிடிக்கும்னு? அவதான் முதல்ல வந்தா. அத வச்சுத்தான் அவளக் கொல்றாங்கன்னு பேசிக்கிறாங்க. பிடிச்சவ செத்தாத்தான் மனசுல நிக்குமாம்.”

“எம்பொண்ணும் அதுல ஓட்டுப் போட்டா.”

டீம் லீடர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “உடம்பு முடியலன்னா இத வேற யார்கிட்டயாவது குடுக்கட்டுமா?”

“வேணாம். எனக்குத்தான் இதுல எது எங்க இருக்குன்னு தெரியும்.”

முந்நூற்றுப் பன்னிரண்டு முடிந்தது. தலைமை அலுவலகம் திருத்தம் செய்து அனுப்பியதும் மறுபடி முதலிலிருந்து. ஒரு கட்டத்துக்குப் பிறகு அழுகையும் வரவில்லை, எரிச்சலும் வரவில்லை. நிழலியின் இடது காது முடிக்குள் மறைகிறதா, கயிறு அறுகிற சத்தம் கால் விநாடி பிந்துகிறதா என்பதுதான் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது மட்டும் கை தானாக நின்றுவிடும்.

மகள் ஒரு நாள் நேராகவே கேட்டாள். அப்போது சுவரக்கா அந்தச் சாம்பல் அங்கியின் ஓரத்தை மிஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு. நிழலிக்கு எதுவும் ஆகாதில்ல?”

மிஷின் இன்னும் ஒரு சாண் ஓடியது.

“என்கிட்ட எதையும் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

“சரி சரி. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பெருசா ஏதோ பண்ணப்போறா. ராணி ஆவாளா?” மகள் சந்தோஷமாக அறைக்குள் ஓடிவிட்டாள். அவள் தையலைப் பிரித்து மறுபடி அடித்தாள், கோணலாகப் போயிருந்தது.

ரசிகர் கூட்டத்துக்கு மகள் அங்கியைப் போட்டுக்கொண்டு போனாள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் முப்பது பேர் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். இரண்டு வாரம் கழித்து ஐந்தாம் பாகம் வெளிவந்தது. ஊழியர் வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்தார்கள். சுவரக்கா அதைப் பைக்குள் போட்டு, எடுத்துவந்து, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் அவள் சமையலறையில் நின்றிருந்தபோது கூடத்தில் அந்த இசை ஆரம்பித்தது. முதலில் முரசு, அப்புறம் காற்று. எந்த இடம் என்று பார்க்காமலே தெரிந்தது. இப்போது படை ஓடுகிறது. இப்போது பலகை ஒன்று உடைந்து விழுகிறது. இப்போது நிழலி திரும்புகிறாள். சுவரக்கா ஈரக் கையோடு அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். இரண்டு நிமிடம் பத்து விநாடி. கயிறு அறுந்த சத்தம்.

மகள் கதவருகே வந்து நின்றாள்.

“உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எவ்வளவு நாளா?”

“பதினாலு மாசமா.”

“அங்கி தைக்கும்போதும் தெரியுமா?”

“ம்.”

மகள் கத்தவில்லை. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

எட்டு நாள் பேச்சு இல்லை. வேண்டியதையெல்லாம் மகள் அப்பா மூலமாகக் கேட்டாள். “அம்மாகிட்ட சீருடை காஞ்சிடுச்சான்னு கேளுப்பா.” சுவரக்கா இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டு, “காஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க” என்பாள். லிப்ட் மெக்கானிக் இங்கேயும் அங்கேயும் பார்த்துவிட்டு, “வேலையிலயும் மேல கீழ, வீட்லயும் மேல கீழ. எனக்கு எப்பத்தான் லீவு?” என்றான். யாரும் சிரிக்கவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் மனைவியிடம் மெதுவாகச் சொன்னான்: “சொல்லாம இருந்ததுக்காக அவ கோபப்படல. நீ தனியா எல்லாத்தையும் மனசுக்குள்ள வச்சிருந்தியே, அது அவளுக்குப் புரியல. கொஞ்சம் விடு.”

“எனக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்ல” என்றாள் அவள்.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. காலையில் துவைத்த துணியெல்லாம் காய்ந்து கூடத்தில் மலையாகக் கிடந்தது. அவள் சோபாவில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். மகள் தரையில் உட்கார்ந்து கேமைப் போட்டாள். பாலத்துக்கு முன்னால் சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறந்திருந்தாள் போல. படை பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தது. பக்கத்தில் இடிந்த ஒரு மாவு ஆலை. மகள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

“கடக்க வேணாம்னா கடக்காத” என்றாள் அவள், ஒரு சட்டையை மடித்துக்கொண்டே.

மகள் திரும்பவில்லை. ஆனால் பதில் வந்தது. “கடக்கலன்னா கதை நின்னுடும்.”

“கதை நிக்கும். ஆனா அவ இருந்துட்டே இருப்பா. மாவு ஆலைப் படிக்கட்டுப் பக்கம் போ.”

மகள் ஆளை நகர்த்தினாள். நிழலி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலணியைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டி, உள்ளேயிருந்து ஒரு சின்னக் கல்லை வெளியே எறிந்தாள்.

“இது எப்ப இருந்து இருக்கு?”

“எப்பவும் இருக்கு. யாரும் நின்னு பாக்க மாட்டாங்க, ஓடிடுவாங்க. ஒண்ணும் செய்யாம நின்னா எங்கயாவது கெட்டுப்போகுதான்னு பாக்கறதும் என் வேலைதான். நாப்பது மணி நேரம் இங்க நின்னிருக்கேன்.” அவள் அடுத்த துணியை எடுத்தாள். “மழை வந்தா கைய நீட்டிப் பாப்பா. எப்பவும் இடது கைதான். சாயங்காலமானா ஏதோ முணுமுணுத்துப் பாடுவா. அப்படியே விட்டு வை. சாயங்காலம் வரைக்கும் ஓடட்டும்.”

மகள் எழுந்து வந்து துணிக் குவியலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மடித்தாள். திரையில் பொழுது சாய்ந்தது, விடிந்தது, மழை வந்தது. நிழலி இடது கையை நீட்டினாள்.

“எத்தனை தடவ பாத்த? அந்த… பாலத்த?”

“முதல் சுத்து முந்நூத்துப் பன்னண்டு. அப்புறம் எண்ணல.”

“ஒவ்வொரு தடவையும் அவளப் பாத்தியா?”

“சில நாள் முடியாது. அப்ப பாலத்துப் பலகையப் பாத்துப்பேன். அதுலயும் ஒரு பலகை தப்பா இருந்தது.”

மகள் தலைகுனிந்து காலுறைகளுக்கு ஜோடி தேடினாள். ஒரு ஜோடி சேர்ந்ததும் கேட்டாள். “உனக்கு யாரப் பிடிக்கும்மா? நான் கேட்டதே இல்ல.”

“சுமையன்.”

“கழுதையோட வருவானே, அவனா? ஏன்?”

“பதினோரு வருஷத்துல என்னை ஒரு நாள்கூட லேட்டா வீட்டுக்கு அனுப்பினதில்ல.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியில் கண்ணீர் சொட்டியது. அதைத் தனியே வைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொடுத்தாள். வீங்கிய கட்டைவிரல் மட்டும் படாமல் பார்த்துக்கொண்டாள்.

கேமில் ஆறு நாள் கழிந்தபோது வீட்டில் மணி நாலரை. நிழலி படிக்கட்டிலிருந்து தலையைத் திருப்பி, திரைக்கு வெளியே இருப்பவரைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்னாள்: “இன்னும் கிளம்பலையா? நல்லது.”

மகள் நிமிர்ந்தாள். “இது யாருக்கும் தெரியாதா?”

“இதுவரைக்கும் வெளிய யாரும் சொல்லல. எழுதினவங்க யாருன்னு எனக்கும் தெரியாது. யாராவது ஒருத்தர் காத்திருப்பாங்கன்னு நெனச்சிருக்கணும்.”

“சொல்லலாமா?”

“கேம்தான் வந்துடுச்சே. உன் இஷ்டம்.”

மகள் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. கொஞ்ச வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு நாளில், தனியாகவே பாலத்தைக் கடந்து முழுக் கதையையும் முடித்திருந்தாள். சாப்பிடும்போது, “முடிச்சிட்டேன்” என்றாள். “சரி” என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு. அலமாரிக் கதவில் படம் அப்படியே இருந்தது.

ஆறாம் பாகம் உடனே வராது என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. மூன்றாவது மாடி அறையைப் பாதியாகக் குறைத்தார்கள். டீம் லீடர் வேறு கம்பெனிக்குப் போனார். போகிற அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்துவிட்டு மேசையில் தலைவைத்து ஒரு மணி நேரம் தூங்கினார், யாரும் எழுப்பவில்லை. சுவரக்காவுக்கு வேலை போகவில்லை. குழந்தைகளுக்கான ரயில் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் யாரும் சாகமாட்டார்கள். ரயில் ஸ்டேஷனுக்கு வரும், முயல்கள் ஏறும், இறங்கும். முயலின் காது ஜன்னலுக்கு வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வேலைக்கும் நடுவில் நாலு நாள் விடுப்புக் கொடுத்தார்கள். முதல் நாள் வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தாள். அதைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சற்று உட்கார்ந்தாள். அப்படியே படுத்தாள். சாயங்காலம் கணவன் வந்து காலணியைக் கழற்றும்போது, மகள், அம்மா படுத்திருந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

“அம்மா எங்க?”

“தூங்குறாங்க. மத்தியானத்துல இருந்து.”

“சாப்பிட்டாளா?”

“எழுந்ததும் சாப்பிடட்டும். நீ மெதுவா பேசு.”